‘செத்த’ கைனேஸ்கள் செல்லுக்குள் என்னதான் செய்கின்றன? (போலிக் கைனேஸ் விவாத இழை)

ஜெல்தாசன் | 4 மார்ச் 2024, காலை 10:12

மனித மரபணுத் தொகுதியில் 518 புரதக் கைனேஸ் (ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டை எடுத்துப் புரதங்களில் ஒட்டும் என்சைம்) என்று 2002-லேயே பட்டியல் போட்டுவிட்டார்கள். அதில் சுமார் 50, அதாவது பத்தில் ஒன்று, வினையூக்கத்துக்குத் தேவையான எழுத்துகளை, அதாவது அமினோ அமிலங்களை, இழந்தவை. போலிக் கைனேஸ் என்று பெயர். என் கேள்வி நேரடியானது: எச்ஆர்டி என்ற மூன்றெழுத்து வரிசையில் அஸ்பார்ட்டேட் இல்லை, டிஎஃப்ஜி என்ற வரிசையும் மாறியிருக்கிறது என்றால் ‘செயலற்றது, பரிணாமத்தின் மிச்சம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட வேண்டியதுதானே? இதற்கு ஏன் தனிக் கருத்தரங்கு, தனிக் குழு?

இன்னொன்று. பூச்சிச் செல்லில் தயாரித்த இப்படி ஒரு புரதம், கதிரியக்க ஏடிபி போட்டால் மங்கலாக ஒரு பட்டை காட்டுகிறது. நம்பலாமா?

புஃபர்காரர் | 4 மார்ச், காலை 11:40

பட்டையை நம்பாதீர்கள். அதைப் பிறகு பார்ப்போம், முதலில் எழுத்துகள்.

எல்லோரும் பிகேஏ என்ற கைனேஸின் எண்களைத்தான் அளவுகோலாக வைக்கிறார்கள். அதன் படிக அமைப்புதான் புரதக் கைனேஸ்களில் முதலில் வந்தது, 1991-ல். விஏஐகே என்ற வரிசையில் உள்ள லைசின் 72 (72-ஆம் இடத்து லைசின்), ஏடிபி-யின் ஆல்ஃபா, பீட்டா பாஸ்பேட்டுகளைப் பிடித்து நிறுத்துகிறது. எச்ஆர்டி-யின் அஸ்பார்ட்டேட் 166 வினை நடக்கும் இடத்தில் நிற்பது. பாஸ்பேட்டை வாங்கப்போகும் ஹைட்ராக்சிலைச் சரியான கோணத்தில் வைக்கிறது. டிஎஃப்ஜி-யின் அஸ்பார்ட்டேட் 184 மக்னீசியத்தைப் பிடிக்கிறது.

மூன்றுக்கும் வேலை வேறு. ஆகவே எது போனது என்பதைப் பொறுத்து விளைவும் வேறு. 166 மட்டும் போனால் ஏடிபி பிணைப்பு அப்படியே இருக்கலாம். 184 போனால் உலோகம் இல்லாமலே ஏடிபி உட்காரலாம். ‘செயலற்றது’ என்ற ஒரு வார்த்தை இத்தனையையும் மூடி மறைத்துவிடும்.

செங்குருதி | 4 மார்ச், மதியம் 2:05

‘பரிணாமத்தின் மிச்சம்’ என்று எழுதிய தம்பிக்கு: ரத்த அணு பெருகச் சொல்லும் சமிக்ஞையைக் கடத்தும் ஜாக்2 புரதத்தில் இரண்டு கைனேஸ் பகுதிகள் உண்டு. ஜேஎச்1 உண்மையானது, ஜேஎச்2 போலி. 617-ஆம் இடத்து வேலின் ஃபினைல்அலனினாக மாறுவது இந்தப் போலிப் பகுதியில்தான். 2005-ல் நான்கு குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கண்டுபிடித்தன. சிவப்பணு மிகுந்துபோகும் பாலிசைத்தீமியா வேரா நோயாளிகளில் சுமார் 95 சதவீதம் பேருக்கு இந்த மாற்றம் இருக்கிறது. அதே வகை ரத்த நோய்களான எசென்ஷியல் த்ராம்போசைத்தீமியா, மைலோஃபைப்ரோசிஸ் இரண்டிலும் பாதிக்குச் சற்று மேல். மிச்சம் மீதி என்றால் அது உடைந்ததும் இவ்வளவு ரத்த அணு ஏன் பெருக வேண்டும்?

சாதாரண நிலையில் ஜேஎச்2 பக்கத்து ஜேஎச்1-ஐ அடக்கி வைக்கிறது. அந்த ஒரு எழுத்து மாறினால் பிடி தளர்ந்து, எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோன் இல்லாமலே சமிக்ஞை ஓடுகிறது.

நுண்குழாய் | 4 மார்ச், மதியம் 2:31

மாமியார் சமைக்க வேண்டியதில்லை, அடுக்களையில் நின்றாலே போதும் என்கிறீர்கள்.

புஃபர்காரர் | 4 மார்ச், மாலை 6:20

இனி அந்த மங்கலான பட்டை. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வினைக்கலவையில் உங்கள் புரதம் 1 மைக்ரோமோலார். அதோடு ஒட்டிக்கொண்டு வந்த பூச்சிச் செல்லின் சொந்தக் கைனேஸ் வெறும் 0.1 சதவீதம், அதாவது 1 நானோமோலார். நல்ல கைனேஸ் நொடிக்கு 10 பாஸ்பேட் மாற்றும் என்று வைத்துக்கொள்வோம். 30 நிமிடம் என்பது 1,800 நொடி. பெருக்கினால் 18 மைக்ரோமோலார் பாஸ்பேட். உங்கள் புரதத்தின் ஒவ்வொரு மூலக்கூறையும் பதினெட்டு முறை குறியிடப் போதும். அந்த 0.1 சதவீதத்தை ஜெல்லில் பார்க்க முடியுமா? 2 மைக்ரோகிராம் ஏற்றினால் கலப்படம் 2 நானோகிராம். கூமாஸிச் சாயத்துக்குச் சுமார் 10 நானோகிராமாவது வேண்டும். ஜெல் சுத்தமாகத் தெரிவதால் புரதம் சுத்தம் என்று ஆகாது.

செய்ய வேண்டியவை, இந்த வரிசையில்:

ஒன்று, அளவு வடிகட்டி நெடுவரிசையில் ஓட்டி ஒவ்வொரு பின்னத்திலும் வினையைப் பாருங்கள். வினையின் உச்சமும் புரதத்தின் உச்சமும் ஒரே பின்னத்தில் விழ வேண்டும். ஒரு பின்னம் தள்ளியிருந்தாலே சந்தேகம்.

இரண்டு, முடிந்தால் அதே புரதத்தை ஈ.கோலையில் தயாரித்துப் பாருங்கள். அங்கே இந்த வகைக் கைனேஸ்கள் இல்லாததால் பின்னணி குறையும்.

மூன்று, ஒரு மோல் புரதத்துக்கு எத்தனை மோல் பாஸ்பேட் ஏறியது என்று எண்ணிச் சொல்லுங்கள். ஆயிரத்தில் ஒரு மூலக்கூறுதான் குறியேறியிருக்கிறது என்றால், படச்சுருளை எத்தனை நாள் வைத்தாலும் அது அத்தாட்சி ஆகாது.

நான்கு, வினையிட மியூட்டன்டை (வினையிடத்து எழுத்தை மாற்றிய புரதம்) அதே நாளில், அதே பேட்சில், அதே நெடுவரிசையில் சுத்திகரித்து ஒப்பிடுங்கள். போன மாதத்து மியூட்டன்டைப் பக்கத்து லேனில் போடுவதில் பயனில்லை. கலப்படத்தின் அளவு பேட்சுக்குப் பேட்ச் மாறும்.

ஜெல்தாசன் | 5 மார்ச், காலை 9:15

நன்றி சார். நான்காவதற்கு லைசினை மெத்தியோனினாக மாற்றினால் போதுமா? எல்லோரும் அதைத்தானே ‘கைனேஸ் டெட்’ என்று போடுகிறார்கள்.

நுண்குழாய் | 5 மார்ச், காலை 9:50

போதாது. பிகேஏ-விலேயே லைசின் 72-ஐ ஹிஸ்டிடினாக மாற்றினால் வினை போய்விடுகிறது. ஆனால் மக்னீசியம்-ஏடிபி நன்றாகவே பிணைகிறது. ‘லைசின் போனால் ஏடிபி பிணையாது’ என்று பாடப்புத்தகப் பாணியில் எழுதியவர்கள் நிறைய பேர். பிணைப்பு வேறு, வினை வேறு. மியூட்டன்ட் வினை செய்யவில்லை என்பதிலிருந்து அது ஏடிபி-யைப் பிடிக்கவில்லை என்று முடிவுக்கு வராதீர்கள். தனியாக அளந்து பாருங்கள்.

செல் சாவை நடத்தும் எம்எல்கேஎல் என்ற போலிக் கைனேஸில், எலியின் வடிவத்தில், விஷயம் தலைகீழ். லைசின் 219-ஐ மெத்தியோனினாக மாற்றினால் புரதம் அணைந்துபோவதில்லை. தூண்டுதலே இல்லாமல் செல்லைக் கொல்ல ஆரம்பிக்கிறது. ‘செத்த’ மியூட்டன்ட் போட்டுவிட்டு, கட்டுப்பாட்டு லேன் ஏன் சாகிறது என்று தலையைச் சொறிய வேண்டியிருக்கும்.

புஃபர்காரர் | 5 மார்ச், மதியம் 12:30

ஏடிபி பிணைகிறதா என்று பார்க்க எளிய வழி வெப்ப உருகல் சோதனை: ஏதாவது பிணைந்தால் புரதம் குலையும் வெப்பநிலை ஏறும், அதைச் சாயத்தின் ஒளிர்வு காட்டும். ரியல் டைம் பிசிஆர் கருவி இருக்கும் எந்த ஆய்வகத்திலும் செய்யலாம். 2014-ல் 31 போலிக் கைனேஸ்களை இந்த வழியில்தான் வகை பிரித்தார்கள்: எதுவும் பிணையாதவை, உலோகமின்றி நியூக்ளியோடைடு (ஏடிபி போன்றது) பிணைப்பவை, உலோகம் மட்டும் பிணைப்பவை, இரண்டும் சேர்ந்து பிணைப்பவை.

ஒரு குழிக்கு 25 மைக்ரோலிட்டர். புரதம் 2 முதல் 5 மைக்ரோமோலார். ஹெப்பீஸ் 20 மில்லிமோலார், பிஎச் 7.5; உப்பு 150 மில்லிமோலார். சைப்ரோ ஆரஞ்ச் 5,000 மடங்குக் கரைசலாக வரும். குழியில் 5 மடங்கு இருந்தால் போதும். நியூக்ளியோடைடு 200 மைக்ரோமோலார், மக்னீசியம் அல்லது மாங்கனீஸ் 1 மில்லிமோலார். 25-லிருந்து 95 டிகிரி வரை, நிமிடத்துக்கு 1 டிகிரி.

குழிகளின் பட்டியல்: புரதம் மட்டும், மக்னீசியம் மட்டும், மாங்கனீஸ் மட்டும், ஏடிபி-யோடு ஈடிடிஏ (உலோகத்தைப் பிடித்து விலக்குவது), ஏடிபி-யோடு மக்னீசியம், ஏடிபி-யோடு மாங்கனீஸ், ஏடிபி-க்குப் பதில் ஏடிபி, ஜிடிபி தனித்தனியாக, சாயம் மட்டும். ஒவ்வொன்றும் மூன்று குழிகளில். உலோகம் மட்டும் உள்ள குழியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உலோகமே சில புரதங்களின் உருகுநிலையை மாற்றும். அந்தக் குழி இல்லாவிட்டால் ஏற்றத்துக்குக் காரணம் ஏடிபி-யா உலோகமா என்று யாராலும் சொல்ல முடியாது.

3 டிகிரிக்கு மேல் ஏறினால் நம்பலாம். 1 டிகிரி ஏற்றத்தை வைத்துக்கொண்டு கட்டுரை எழுத உட்காராதீர்கள்.

உறைபெட்டி | 5 மார்ச், மதியம் 1:10

‘ஏடிபி-க்குப் பதில் ஏடிபி’ புரியவில்லை ஐயா :)

புஃபர்காரர் | 5 மார்ச், மதியம் 1:14

முதலாவது மூன்று பாஸ்பேட் உள்ளது, இரண்டாவது இரண்டு உள்ளது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் விழும், என்ன செய்ய. இனி இரண்டாவதை டைபாஸ்பேட் என்றே எழுதுகிறேன்.

நுண்குழாய் | 5 மார்ச், மாலை 5:45

மேலே உள்ள செய்முறையில் எங்கெங்கே சறுக்கும் என்பதையும் சேர்த்துவிடுகிறேன்.

ஏடிபி பொடியை நீரில் கரைத்தால் 100 மில்லிமோலார் கரைசல் நன்றாகவே அமிலமாக இருக்கும். சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு பிஎச் 7-க்குக் கொண்டுவராமல் குழியில் ஊற்றினால், உருகுநிலை மாறுவது அமிலத்தால். அதைப் பிணைப்பு என்று படித்துவிடுவீர்கள். நடுநிலையாக்கிய பிறகு சிறு பங்குகளாக மைனஸ் 20-ல் வையுங்கள், திரும்பத் திரும்ப உருக்காதீர்கள்.

ஹெப்பீஸுக்குப் பதில் ட்ரிஸ் போடுபவர்கள் கவனிக்க: ட்ரிஸ்ஸின் பிஎச் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.028 இறங்கும். 25 டிகிரியில் 8.0 என்று வைத்தது 65 டிகிரியில் 6.9 பக்கம் போய்விடும். ஒப்பீடு குழிக்குக் குழி என்பதால் பெரிய பாதகமில்லை. ஆனால் அமில எல்லையில் குலையும் புரதம் என்றால் எல்லா வளைவும் ஒரே இடத்தில் போய் விழும்.

பாஸ்பேட் புஃபர் கூடவே கூடாது. மாங்கனீஸோடு சேர்ந்து வீழ்படிவாகும். பிஎச் 8-க்கு மேல் மாங்கனீஸ் காற்றில் பழுப்பேறும். டிரைட்டான் போன்ற சோப்பு துளி இருந்தாலும் சாயம் முதல் டிகிரியிலேயே ஒளிர்ந்துவிடும்.

தொடக்கத்திலேயே ஒளிர்வு உயரத்தில் இருந்து கீழே இறங்கிக்கொண்டே போனால், புரதம் ஏற்கெனவே குலைந்திருக்கிறது அல்லது திரண்டிருக்கிறது. சாயத்தைக் குறை சொல்லாமல் புதிதாகச் சுத்திகரியுங்கள்.

கடைசியாக ஒன்று: ‘ஏற்றம் இல்லை’ என்றால் ‘பிணையவில்லை’ என்று பொருளில்லை. சில புரதங்கள் செல்லிலிருந்து வரும்போதே நியூக்ளியோடைடை மடியில் கட்டிக்கொண்டு வரும். மேலே போடுவதற்கு இடமே இருக்காது. புரதத்தைச் சூடாக்கி வீழ்த்தி, மேல்நீரை எச்பிஎல்சி-யில் ஓட்டினால் தெரிந்துவிடும்.

உறைபெட்டி | 6 மார்ச், காலை 8:30

செல் சவ்விலுள்ள ஹெர் ஏற்பிகளில் ஹெர்3 ஒன்றுதான் முழுக்கச் செத்தது என்று பாடத்தில் படித்தது. அதுவாவது சரியா?

புஃபர்காரர் | 6 மார்ச், காலை 10:00

சரிதான். எச்ஆர்டி-யில் அஸ்பார்ட்டேட்டுக்குப் பதில் அஸ்பராஜின். வினை கிடையாது. ஹெர்2-வோடு ஜோடி சேரும்போது ஹெர்3 தன் கைனேஸ் பகுதியால் ஹெர்2-வை இடித்துத் திறக்கிறது. சமச்சீரற்ற ஜோடி: ஒன்று திறப்பது, மற்றது திறக்கப்படுவது. திறப்பதற்கு வினை தேவையில்லை, உருவம் போதும். திறந்த ஹெர்2, ஹெர்3-இன் வாலில் பாஸ்பேட் போடுகிறது. அந்த வாலில் பிஐ3 கைனேஸ் வந்து உட்கார ஆறு இடங்கள்.

நுண்குழாய் | 6 மார்ச், காலை 10:48

‘வினை கிடையாது’ என்பதை மாற்ற வேண்டும். 2010-ல் ஹெர்3-இன் கைனேஸ் பகுதி ஏடிபி-யைப் பிடிக்கிறது, கொழுப்புக் குமிழிகளின் மேல் நெருக்கமாக அடுக்கினால் தன்னைத்தானே பாஸ்பேட் ஏற்றுகிறது என்று காட்டிவிட்டார்கள். அதே குடும்பத்து இஜிஎஃப்ஆர்-ஐ விட சுமார் ஆயிரம் மடங்கு பலவீனம். ஆனால் பூஜ்யம் இல்லை.

புஃபர்காரர் | 6 மார்ச், காலை 11:20

அந்த அளவீடு சரி, அதில் தகராறு இல்லை. பக்கத்திலேயே ஹெர்2 முழு வேகத்தில் ஓடும்போது ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்தால் செல்லுக்கு என்ன ஆகப்போகிறது என்பதுதான் கேள்வி. குழாயில் தெரிவதெல்லாம் செல்லில் நடக்கிறது என்று நான் ஒப்புக்கொள்வதாக இல்லை.

நுண்குழாய் | 6 மார்ச், காலை 11:31

அதே அளவுகோலை கேஸ்க் புரதத்துக்கும் வைப்பீர்களா? டிஎஃப்ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஜிஎஃப்ஜி. எல்லோரும் செத்தது என்றார்கள். 2008-ல் அது மக்னீசியம் இல்லாமல் நியூரெக்சின் என்ற நரம்புப் புரதத்துக்குப் பாஸ்பேட் போடுகிறது என்று வந்தது. மக்னீசியம் அதைத் தடுக்கிறது. வழக்கமான கைனேஸ் புஃபரில் 10 மில்லிமோலார் மக்னீசியம் ஊற்றுகிறோம். ஈடிடிஏ போட்டதை ‘வினை நிறுத்தம்’ லேன் என்கிறோம். இந்தப் புரதத்துக்கு நாம் நிறுத்தம் என்று வைத்த லேன்தான் சோதனை லேன்.

புஃபர்காரர் | 6 மார்ச், மதியம் 12:02

செல்லுக்குள் கட்டற்ற மக்னீசியம் அரை முதல் ஒரு மில்லிமோலார் இருக்கிறதே, அங்கே அது எப்படி ஓடும்? நீங்கள் பதில் சொல்லும் வரை நான் நகரவில்லை.

நுண்குழாய் | 6 மார்ச், மதியம் 12:10

நியூரெக்சினை கேஸ்க் தன் இன்னொரு பகுதியால் பிடித்து வைத்துக்கொள்கிறது. இலக்கைக் கட்டிப் பிடித்தபடி மெதுவாகச் செய்தாலும் வேலை முடியும். ஹெர்3-க்கு நீங்கள் கேட்டது வேகம் பற்றி; இங்கே வேகம் பெரிய விஷயமில்லை.

திசுவளர்ப்பு | 6 மார்ச், மாலை 4:25

இடையில் ஒரு விஷயம். பட்டை வரவில்லை என்றால் அது வேறு வினை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். செலினோபுரதம்-ஓ (மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பது) ஏடிபி-யைத் தலைகீழாகப் பிடிக்கிறது. அதனால் பாஸ்பேட்டுக்குப் பதில் ஏஎம்பி முழுவதையும் எதிரில் உள்ள புரதத்தில் ஒட்டுகிறது. 2018-ல் தெரியவந்தது. வழக்கமாக வாங்கும் காமா குறியிட்ட ஏடிபி-யில் கதிரியக்கம் கடைசிப் பாஸ்பேட்டில் இருக்கிறது. அது பைரோபாஸ்பேட்டோடு கழன்று போய்விடும். படச்சுருள் வெறுமையாக வரும், நாமும் ‘செத்தது’ என்று எழுதுவோம். ஆல்ஃபா குறியிட்டதை வாங்க வேண்டும். கதிரியக்கம் வேண்டாம் என்றால் நிறை நிறமாலை: பாஸ்பேட் ஏறினால் 80 டால்டன் கூடும், ஏஎம்பி ஏறினால் 329.

லீஜனெல்லா பாக்டீரியாவின் சிட்ஜே இன்னும் ஒரு படி மேலே: கைனேஸ் மடிப்பு, ஆனால் குளூட்டமேட்டை ஒட்டுகிறது. அதுவும் விருந்தோம்பும் செல்லின் கால்மோடுலின் இருந்தால்தான். பாக்டீரியா தன் வீட்டுக்குள் இருக்கும்வரை அது அணைந்தே இருக்கும்.

ஜெல்தாசன் | 6 மார்ச், இரவு 9:40

அப்படியானால் ஏடிபி பிணைகிறதா என்பதற்கே செல்லில் பொருள் உண்டா? வினை இல்லாவிட்டால் பிடித்து என்ன பயன்?

நுண்குழாய் | 7 மார்ச், காலை 9:05

ஏடிபி அங்கே உருவத்தை நிறுத்தும் ஆப்பு. ஸ்ட்ராட்-ஆல்ஃபா நல்ல உதாரணம். எல்கேபி1 என்ற கட்டி அடக்கிக் கைனேஸை இது ஓட்டுகிறது, கூட எம்ஓ25 என்ற புரதமும் வேண்டும். ஸ்ட்ராடின் ஏடிபி பிணைப்பை மட்டும் உடைத்தால் எல்கேபி1 ஓடுகிறது. எம்ஓ25 பிணைப்பை மட்டும் உடைத்தாலும் ஓடுகிறது. இரண்டையும் சேர்த்து உடைத்தால்தான் நிற்கிறது. ஒற்றை மியூட்டன்ட் மட்டும் செய்து ‘ஏடிபி தேவையில்லை’ என்று எழுதியிருந்தால் பாதி உண்மைதான் கிடைத்திருக்கும்.

செங்குருதி | 7 மார்ச், காலை 11:15

ஜாக்2-விலும் அதே. நான் மேலே ‘பிடி தளர்கிறது’ என்று மட்டும் சொன்னேன், அதோடு நிற்கவில்லை. 617 மாற்றம் உள்ள புரதத்தில் ஜேஎச்2-இன் ஏடிபி இடத்து லைசின் 581-ஐயும் அலனினாக மாற்றினால், மிகைச் செயல்பாடு அடங்குகிறது (2015). ஆகவே அந்தப் போலிப் பகுதி வெறும் தாழ்ப்பாள் இல்லை. நோய் வடிவம் ஓடுவதற்கே அதன் ஏடிபி தேவைப்படுகிறது.

மருந்து விஷயம் இங்கேதான் சுவாரசியமாகிறது. 2011-ல் வந்த ருக்சோலிட்டினிப் உண்மையான ஜேஎச்1-இல் உட்காருகிறது. மியூட்டன்ட், சாதாரணம் என்ற பேதம் அதற்கு இல்லை. அதனால் ஹீமோகுளோபின் இறங்குவது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. அதே குடும்பத்து டிக்2-வில் டியூக்ரவசிட்டினிப் ஜேஎச்2-இல் உட்கார்ந்து அடக்கப்பட்ட நிலையிலேயே பூட்டுகிறது. சோரியாசிஸுக்கு 2022 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி, தினம் 6 மில்லிகிராம். கைனேஸ்களின் உண்மையான ஏடிபி குழிகள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும். போலிக் குழிகள் வேறுபட்டவை. குறி தவறாமல் அடிக்க அதுதான் வசதி.

உறைபெட்டி | 7 மார்ச், மதியம் 12:20

மேடம், 617 பரிசோதனையைச் சாதாரண பிசிஆரில் செய்ய முடியுமா?

செங்குருதி | 7 மார்ச், மதியம் 3:00

முடியும். எக்ஸான் 14-இல், 1849-ஆம் இடத்தில் ஜி என்பது டி ஆகிறது. மூன்று பிரைமர் ஒரே குழாயில்: 364 கார இணை நீளப் பட்டை எல்லோருக்கும் வரும், மியூட்டன்ட் இருந்தால் 203 பட்டை கூட வரும். 364 வராத குழாயில் 203 இல்லை என்பதை ‘நெகட்டிவ்’ என்று எழுதக் கூடாது. அது தோற்றுப்போன பிசிஆர். சுழற்சியை இஷ்டத்துக்கு ஏற்றினாலும், பிணைப்பு வெப்பத்தை இறக்கினாலும் சாதாரண மாதிரியிலேயே மங்கலாக 203 எட்டிப் பார்க்கும். அதனால் ஒவ்வொரு ஓட்டத்திலும் தெரிந்த சாதாரண மாதிரி ஒன்று, தெரிந்த பாசிட்டிவ் ஒன்று, டிஎன்ஏ இல்லாத குழாய் ஒன்று. பாலிசைத்தீமியா என்று வலுவாகச் சந்தேகம் இருந்து 617 நெகட்டிவ் வந்தால் எக்ஸான் 12-ஐயும் பார்க்கச் சொல்லுங்கள்.

திசுவளர்ப்பு | 8 மார்ச், காலை 10:30

எம்எல்கேஎல் பற்றி மேலே ஒரு வரியில் போனது. செல்லில் பார்க்க நினைப்பவர்களுக்கு விரிவாக.

எம்எல்கேஎல்-இல் எச்ஆர்டி இடத்தில் எச்ஜிகே, டிஎஃப்ஜி இடத்தில் ஜிஎஃப்இ. வினை இல்லை. ஆர்ஐபிகே3 என்ற கைனேஸ் அதன் போலிக் கைனேஸ் பகுதியில் பாஸ்பேட் போட்டதும் உருவம் மாறி, முன்பக்கத்து நான்கு சுருள் கட்டு விடுபட்டு, கூட்டாகச் சேர்ந்து செல் சவ்வைக் கிழிக்கிறது. இப்படிச் செல் சாவதுதான் நெக்ரோப்டோசிஸ்.

மனிதச் செல்லுக்கு எச்டி-29 செல் வரிசையை எடுங்கள். ஸ்மாக் போலி (ஸ்மாக் புரதத்தைப் போலச் செயல்படும் மருந்து) 100 நானோமோலார், இசட்-வாட் (கேஸ்பேஸ் தடுப்பான்) 20 மைக்ரோமோலார், அரை மணி முன்பே. பிறகு டிஎன்எஃப் (சாவைத் தூண்டும் சமிக்ஞைப் புரதம்) 20 நானோகிராம்/மில்லிலிட்டர், 4 முதல் 8 மணி நேரம். இசட்-வாட் விடுபட்டால் கேஸ்பேஸ் 8 முந்திக்கொண்டு அப்போப்டோசிஸ் என்ற வேறு வகைச் சாவு ஆகிவிடும். செல் சாவது இரண்டிலும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் பாஸ்போ பட்டை வராது. தடுப்பு லேனுக்கு ஆர்ஐபிகே1-ஐத் தடுக்கும் நெக்ரோஸ்டாட்டின்-1எஸ். வெறும் நெக்ரோஸ்டாட்டின்-1 வேண்டாம், அது ஐடிஓ என்ற இன்னொரு என்சைமையும் தடுக்கும்.

அடிக்கடி போகும் தவறு: ஊடகத்தை உறிஞ்சி எறிந்துவிட்டு, ஒட்டியிருக்கும் செல்லை மட்டும் சிதைப்பது. செத்தவை மிதக்கின்றன, பாஸ்போ எம்எல்கேஎல் அவற்றில்தான் இருக்கிறது. ஊடகத்தையும் சுழற்றி வண்டலைச் சேருங்கள். டிரைட்டான் கரைசலின் மேல்நீரை மட்டும் ஏற்றினாலும் பாதி போய்விடும். சவ்வுக்குப் போனது வண்டலில் கிடக்கும். கூட்டுத் திரளைப் பார்க்க வேண்டுமானால் சாம்பிள் புஃபரில் டிடிடி, மெர்காப்டோ எதுவும் சேர்க்காமல் ஓட்டுங்கள்.

ஜெல்தாசன் | 8 மார்ச், காலை 11:05

ஹீலா செல்லில் செய்யலாமா? அதுதான் இங்கே எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது.

திசுவளர்ப்பு | 8 மார்ச், காலை 11:12

ஹீலாவில் ஆர்ஐபிகே3 இல்லை. என்ன ஊற்றினாலும் அந்தப் பட்டை வராது. 293டி-யிலும் இல்லை. ஆர்ஐபிகே3-ஐ நிலையாக ஏற்றிய ஹீலா வரிசை கிடைத்தால் சரி.

உறைபெட்டி | 8 மார்ச், மதியம் 1:50

எலியின் எல்929 செல்லில் நெக்ரோசல்ஃபோனமைடு போட்டால் சாவு நிற்கவே இல்லை என்று கேள்விப்பட்டேன். மருந்து பழசா?

திசுவளர்ப்பு | 8 மார்ச், மதியம் 2:20

மருந்து நன்றாகத்தான் இருக்கும். அது மனித எம்எல்கேஎல்-இன் சிஸ்டீன் 86-ஐப் பிடிக்கிறது. எலியில் அந்த இடத்தில் டிரிப்டோஃபான், பிடிக்க ஒன்றுமில்லை. எலிச் செல்லில் எம்எல்கேஎல்-க்கு முந்தைய படியிலுள்ள ஆர்ஐபிகே1 அல்லது ஆர்ஐபிகே3-ஐத் தடுங்கள், அல்லது எம்எல்கேஎல் நீக்கிய வரிசையைக் கட்டுப்பாடாக வையுங்கள். ஆன்டிபாடி வாங்கும்போதும் இதே கவனம்: மனிதனில் பாஸ்பேட் ஏறுவது த்ரியோனின் 357, செரின் 358, எலியில் செரின் 345. மனித 358-க்கு எழுப்பிய ஆன்டிபாடி எலியைக் காட்டவில்லை என்றால் விற்றவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், குப்பியில் எந்த இனம் என்று எழுதியிருக்கிறது, பாருங்கள்.